தூண் நின்ற இடம்

நவம்பர் 27

புயல் போய்விட்டது. போகும்போது நம் ரைஸ்மில்லின் கூரையையும் கூட்டிக்கொண்டு போயிருக்கிறது. உலகத் தலைவன் என்ற முறையில் காலையிலேயே போய்ப் பார்வையிட்டேன். ஆபத்துக் காலத்தில் பெரிய தலைவர்கள் எல்லாம் நாட்குறிப்பு எழுதி வைப்பார்களாம். நானும் எழுதுகிறேன். ஆறாவது வரைதான் படித்தேன். அதற்கு மேல் எனக்குச் சொல்லித் தர அந்தப் பள்ளிக்கூடத்தில் யாரிடமும் சரக்கு இல்லை.

பின்னால் படிக்கிறவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். என் பெயர் தைரியநாதன். அகில உலக அலைக்கரை கராத்தே பேரவையை நிறுவியவன், ஆயுள் தலைவன். தலைமையகம் காரைக்காலில் மூடிக்கிடக்கும் இந்த ரைஸ்மில். கிளைகள் பினாங்கில், யாழ்ப்பாணத்தில், பாரிஸுக்குப் பக்கத்தில் ஓர் ஊரில். அமெரிக்காவிலும் ஒன்று இருந்தது. அந்தப் பையனுக்குக் கல்யாணம் ஆனதும் நின்றுபோயிற்று. வரும் ஜனவரியில்தான் முதன்முதலாக எல்லா நாடும் இங்கே வந்து கூடப்போகின்றன, போட்டிக்கு.

மில்லுக்குள் முழங்கால் தண்ணீர். அதில் வானம் அப்படியே இறங்கிப் படுத்திருந்தது. ஒரு கொக்கு மேகத்தின் மேல் காலை வைத்து நின்றது. நானும் அதன் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றேன். என்னைப் பார்த்து அது பயப்படவில்லை. நல்ல நிலையில் நிற்கிறவனைப் பறவைகளுக்குத் தெரியும்.

நடுத் தூண் விழுந்துவிட்டது. அதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை.

நவம்பர் 28

என் வீட்டில் ஓடு லேசாக நகர்ந்திருக்கிறது. மில்லின் ஆபீஸ் ரூம் காங்கிரீட் போட்டது. நெருக்கடி நேரத்தில் தலைவன் தலைமையகத்தை விட்டு நகரக் கூடாது என்பதால் பாயையும் தலையணையையும் இங்கே கொண்டுவந்துவிட்டேன். ஸ்டவ்வையும். மாதா படத்தையும்.

நவம்பர் 30

தண்ணீர் வடிந்தது. பயிற்சிக்குத் தரையில் விரிக்கிற மேட் எல்லாம் உப்புத் தண்ணீர் குடித்து எருமை மாதிரி கனக்கிறது. அக்கா மகள் அமலிதான் ஆள் திரட்டினாள். அமலோற்பவம் என்று பெயர். பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர். இங்கே தினப்படி வகுப்புகளைப் பார்த்துக்கொள்கிறாள். வகுப்பு, பரீட்சை, வெளிநாட்டு வீடியோ, பெல்ட் வாங்குவது எல்லாம் அவள். தலைமை தாங்குவது நான்.

மேட்டைக் காய வைக்க இடம் இல்லை. கருவாட்டுத் தளத்தில் விரித்தோம். பக்கத்தில் வாளைமீன் காய்கிறது. தளத்துக்கார அம்மா வந்து, "இது என்ன மீனு, இவ்ளோ பெருசா இருக்கு?" என்று கேட்டார்.

"ஜப்பான் மீன்" என்றேன்.

"செதிலே இல்லையே."

"நான்தான் ஒரே வெட்டில் உரித்தேன்."

அமலி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவளுக்கு என் மேல் உள்ள மரியாதையை வெளியில் காட்டிக்கொள்ளத் தெரியாது.

நடு மேட்டில் வட்டமாக ஓர் ஓட்டை உண்டு. தூணுக்காக வெட்டியது. அந்த ஓட்டை வழியாகக் கீழே மணல் தெரிந்தது. ஒரு நண்டு வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போயிற்று.

டிசம்பர் 4

பினாங்கிலிருந்து லெட்சுமி வீடியோவில் வந்தாள். இந்த மில்லில் குட்டைப் பாவாடையோடு வந்து நின்ற பிள்ளை. கல்யாணமாகிக் கடல் தாண்டிப் போய் இப்போது பெரிய கிளை நடத்துகிறாள். சிக்னல் சரியில்லை. முகம் பாதியில் உறைந்து நிற்க, குரல் மட்டும் எங்கேயோ தண்ணீருக்கு அடியிலிருந்து வருகிற மாதிரி வந்தது.

"மாஸ்டர், கூரை போச்சாமே. போட்டி நடக்குமா லா?" அந்த "லா" பினாங்கில் ஒட்டிக்கொண்டது.

"கூரை இல்லாமல் ஆடுவதுதான் ஆதி முறை. ஜப்பானில், ஒகினாவாத் தீவில் என் குரு கடற்கரையில்தான் சொல்லிக் கொடுத்தார். தொண்ணூற்றிரண்டு வயது. மூங்கில் காட்டுக்கும் அலைக்கும் நடுவில்."

அமலி பக்கத்தில் மெதுவாக, "போன வருஷம் மலை உச்சின்னு சொன்னீங்க" என்றாள்.

"மலைக்குக் கீழே கடற்கரை" என்றேன்.

லெட்சுமி சிரிக்கவில்லை. அவள் சொன்னதை உள்ளபடி எழுதுகிறேன். கட்டா என்று ஒன்று இருக்கிறது. எதிரி இல்லாமல் எதிரி இருப்பது போலத் தனியாக ஆடும் அசைவு வரிசை. நம் முதல் கட்டாவில், எல்லாரும் நேராக முன்னேறிக் குத்துகிற இடத்தில், நம் பேரவை மட்டும் இடப்பக்கமாக அரைவட்டம் போட்டுச் சுற்றிப் போய்க் குத்தும். காற்றுத் திருப்பம் என்று பெயர் வைத்திருக்கிறேன். குருவின் ரகசியம் அது.

"அங்க ஓப்பன் போட்டியில நடுவர் என் பிள்ளைங்களை நிறுத்திக் கேட்டார் மாஸ்டர். நடுவுல என்ன தூணா நிக்குது, ஏன் சுத்திப் போறீங்கன்னு. எல்லாரும் சிரிச்சாங்க. நான் சின்ன வயசுல இருந்து நீங்க சொன்ன ஒகினாவாதான் நெனச்சிட்டு இருந்தேன். அந்த ஆளு தூணுன்னு சொன்னதும் எனக்கு மில்லு ஞாபகம் வந்துச்சு. அங்கேயே நின்னுட்டேன்."

சிக்னல் போய்த் திரும்பி வந்தது.

"பிள்ளைங்க ஒவ்வொரு தடவையும் தோக்குறாங்க. பெத்தவங்க வேற சங்கத்துக்குப் போலாங்கிறாங்க. ஜனவரியில உங்க போட்டிக்கு ஆசிய சம்மேளனத்துப் பார்வையாளர் வராருல்ல, அவரு கட்டா சரின்னு எழுதிக் கொடுத்தா நான் இருக்கேன். இல்லன்னா நான் போய்த்தான் ஆகணும். யாழ்ப்பாணமும் என்னையத்தான் பார்த்துட்டு இருக்காங்க."

"யாரும் போக மாட்டார்கள்" என்றேன். உலகத் தலைவனுக்கு உரிய குரலில்தான் சொன்னேன். லைன் அதற்கு முன்பே போயிருந்தது.

டிசம்பர் 5

மழை. ஸ்டவ் பற்றவில்லை. பிஸ்கட்.

டிசம்பர் 9

யூனிஃபார்ம் எல்லாவற்றையும் துவைத்து மில்லுக்குள் கயிறு கட்டிக் காயப் போட்டார்கள். மத்தியானம் கொஞ்சம் கண்ணயர்ந்து எழுந்து பார்த்தால் கடல்காற்று அவற்றுக்குள் புகுந்திருந்தது. ஆளே இல்லாமல் வெள்ளைக் கைகள் தடுத்தன, குத்தின, கால்கள் எழுந்து தணிந்தன. வரிசை வரிசையாக. கழுத்துக்கு மேலே வெறும் வானம். நான் ஆபீஸ் ரூம் வாசலில் உட்கார்ந்து அப்படியே பார்த்துக்கொண்டிருந்தேன். ஓர் அசைவுகூடப் பிசகவில்லை. காற்றுக்கு நான்தான் பயிற்சி கொடுத்தது என்று யாராவது சொன்னால் மறுக்க மாட்டேன்.

அந்தத் துணிகளுக்குப் பின்னால் அமலியின் குரல் கேட்டது. "நேரா. இன்னொரு தடவை. சுத்தாதீங்க. நேரா வாங்க."

விலக்கிப் பார்த்தேன். கருப்புப் பட்டைக்காரர்களுக்குக் கட்டாவை நேராகச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் நின்றாள்.

"லெட்சுமி அக்காவுக்கும் வீடியோ அனுப்பிட்டேன் மாமா. யாழ்ப்பாணத்துல துஷ்யந்தனுக்கும்."

"யாரைக் கேட்டு?"

"யாரையும் கேக்கல. உங்களைக் கேட்டா மூங்கில் காடு வரும்." கயிற்றுத் துணியை ஒதுக்கிக்கொண்டு, "தூணு நடுவுல இருந்துச்சு மாமா. நேரா போனா மூஞ்சி இடிக்கும். அதான் சுத்திப் போனோம். அவ்ளோதானே? எனக்கு எட்டு வயசுல இடிச்சு நெத்தியில தையல் போட்டது. இப்ப தூணும் இல்ல. இன்னும் எதுக்குச் சுத்துறோம்?"

துணிகள் படபடவென்று அடித்தன.

கட்டாவை நேராக்கும்படி நான்தான் உத்தரவிட்டேன். இன்றைய தேதியில் அது பதிவாகட்டும்.

டிசம்பர் 15

போட்டிக்குக் கேட்ட பள்ளிக்கூட மண்டபத்தில் இன்னும் புயல் முகாம் நடக்கிறது. ஜனவரியிலும் கிடைக்காது என்றார்கள். நியாயம்தான். அங்கே குழந்தைகள் தூங்குகின்றன. போட்டி மில்லிலேயே. மேலே வானம்.

பழைய இரும்புக்காரன் வந்து தூணை மூன்றாக அறுத்துத் தட்டுவண்டியில் ஏற்றினான். அது சாதாரண இரும்பு அல்ல. ஈஃபில் கோபுரம் கட்டி மிச்சமானதைப் பிரெஞ்சுக்காரன் கப்பலில் கொண்டுவந்து இங்கே நட்டான். இதைச் சொன்னபோது இரும்புக்காரன், "அப்படின்னா அந்தக் கோபுரமும் துருப்பிடிச்சிருக்கும், தொட்டுப் பாக்கச் சொல்லுங்க பெருசு" என்றான்.

தூணின் இரும்பு அடிப்பலகை மட்டும் வரவில்லை. தரையோடு பிடித்துக்கொண்டது. வட்டமாக, ஒரு தாம்பாளம் அளவு. கடப்பாரை போட்டும் அசையாததால் விட்டுவிட்டுப் போனான். வண்டி திருப்பத்தில் மறைகிறவரை பார்த்தேன். வேறு வேலை இல்லாததால்தான்.

டிசம்பர் 25

பாதிரியார் பிரசங்கத்தில் என்னைக் குறிப்பிட்டார். பெயர் சொல்லவில்லை, ஆனால் "இருப்பிடம் இழந்தவர்கள்" என்றபோது என் பக்கம் பார்த்தார். கண் தெரியாமல் பார்த்திருப்பார்.

அமலி வீட்டில் சாப்பாடு. கிளம்பும்போது, "இங்கயே படுங்க மாமா, அந்தக் குழியில எதுக்குக் கிடக்குறீங்க, ராத்திரியெல்லாம் இருமுறீங்களாம், வாட்ச்மேன் சொன்னார்" என்றாள்.

அது இருமல் அல்ல, மூச்சுப் பயிற்சி என்று விளக்கினேன்.

ஜனவரி 6

உலகம் வந்து இறங்கிவிட்டது.

பினாங்கிலிருந்து லெட்சுமியும் பிள்ளைகளும். யாழ்ப்பாணத்திலிருந்து துஷ்யந்தன் ஒரு வேன் நிறைய ஆட்களோடு. சின்ன வயதில் இங்கே வந்து சேர்ந்து, பிறகு ஊர் திரும்பியவன். பாரிஸிலிருந்து செலஸ்தின். அவள் அப்பன் என்னிடம் படித்தவன், அங்கே போய்க் கிளை தொடங்கி, போன வருஷம் இறந்துபோனான். மகள் நடத்துகிறாள். மில்லுக்குள் நுழைந்ததும் மூக்கை உறிஞ்சினாள். மேட் எல்லாம் கருவாட்டு வாசம். நான் மன்னிப்புக் கேட்கிற மாதிரி ஏதோ சொல்லப் போனேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு, "அப்பா சட்டை வாசம்" என்றாள். பிறகு சுற்றிலும் பார்த்தாள்.

"தூணு எங்க மாமா? அப்பா அதைத் தொட்டுட்டு வரச் சொன்னார். கீழ ஒரு இடத்துல பேர் கீறி வச்சிருக்காராம்."

அடிப்பலகையைக் காட்டினேன். குனிந்து பார்த்தாள். பெயர் எதுவும் இல்லை. பெயர் அறுத்த துண்டோடு தட்டுவண்டியில் போய்விட்டது. அவள் சும்மா உள்ளங்கையை வைத்து எடுத்துக்கொண்டாள்.

மாலையில் ஒத்திகை. தொடக்க விழாவில் எல்லா நாடும் சேர்ந்து ஒரே கட்டா ஆட வேண்டும். அதைத்தான் பார்வையாளர் முதலில் பார்ப்பார். நேராக்கிய கட்டா. அமலி கட்டளை கொடுத்தாள். தடுத்தார்கள், திரும்பினார்கள், அழகாகத்தான் இருந்தது. அந்த இடம் வந்தது. பாதிப் பேர் நேராகப் போனார்கள். பாதிப் பேர் சுற்றினார்கள். சந்தைக்கடை மாதிரி ஆயிற்று. பினாங்குப் பெண் ஒருத்தியின் முழங்கை துஷ்யந்தன் மூக்கில்.

"நேராப் போகத்தான் பழக்கினனான் மாஸ்டர்" என்றான் துணியால் மூக்கைப் பொத்திக்கொண்டு. "மண்டைக்கு விளங்குது. காலுக்கு விளங்குதில்லை."

லெட்சுமி யாரையும் திட்டவில்லை. என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து தலைமுடியை அவிழ்த்து மறுபடி கட்டினாள்.

"நாளான்னைக்கு அந்த ஆளு முன்னாடி இப்படி ஆச்சுன்னா நான் திரும்பிப் போய் என்ன சொல்றது மாஸ்டர்?"

"ஒரு தடவை ஒகினாவாவில்" என்று ஆரம்பித்தேன்.

"நீங்க கப்பல்ல சமையலுக்குப் போனீங்க. ஜப்பான்ல கோபே துறைமுகத்துல நாலு நாள் இறங்கினீங்க. அம்மா சொல்லியிருக்காங்க" என்றாள். கோபமாக இல்லை. பிள்ளைக்குச் சோறு ஊட்டுகிற குரலில். "அந்த நாலு நாள்ல இவ்ளோ கத்துக்கிட்டு வந்து எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தீங்களே, அதுவே பெரிசுதான். போதாதா உங்களுக்கு?"

அவளுக்கு நீண்ட பயணக் களைப்பு. என்ன பேசுகிறோம் என்று தெரியாமல் பேசியிருப்பாள்.

ஜனவரி 7

தண்ணீர் லாரி வந்தது. எல்லாருக்கும் இட்லி. கொடிகளைக் கட்டினேன். மலேசியக் கொடியைத் தலைகீழாகக் கட்டிவிட்டதாகப் பினாங்குப் பிள்ளைகள் சொன்னார்கள். காற்று திருப்பியிருக்கும்.

ஜனவரி 8

இதை நிதானமாக எழுத வேண்டும்.

விடியற்காலையில் ஒரு தூறல் போட்டுவிட்டு நின்றது. மேட் ஈரம். வெயில் ஏற ஏற மேட்டிலிருந்து ஆவி எழுந்து, எல்லாரும் முழங்கால்வரை மேகத்தில் நிற்கிற மாதிரி இருந்தது. சுவருக்கு மேலே புறாக்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. அவை டிக்கெட் இல்லாமல் வந்தவை.

பார்வையாளர் சென்னையிலிருந்து வந்த நரசிம்மலு சார். ஒல்லி, நெட்டை, இரும்புச் சட்டை போட்ட மாதிரி நேரான முதுகு. செருப்பைக் கழற்றிவிட்டு மேட்டில் ஏறினார். ஈரமும் கருவாட்டு வாசமும் பிடிக்கவில்லை. நாலு பக்கமும் எட்டிப் பார்த்தார். நடுவில் வட்டமாக வெட்டிய இடத்தில் அடிப்பலகை காய்ந்து கிடந்தது. நேராகப் போய் அதன் மேல் நின்றுகொண்டார். கையில் அட்டை, பேனா.

அமலி ஓடிப் போய், "சார், அங்க நின்னா இடிக்கும்" என்றாள்.

"நடுவுல நின்னாத்தாம்மா நாலு பக்கமும் காலு தெரியும். நான் எத்தனை போட்டி பார்த்தவன். நீங்க ஆரம்பிங்க."

"இல்ல சார், கட்டா அந்த வழியாத்தான்..."

"ஆரம்பிங்கம்மா."

அமலி என்னைப் பார்த்தாள். நான் கம்பீரமாகத் தலையசைத்தேன். அவள் என்ன கேட்டாள் என்று எனக்குத் தெரியாது.

கட்டளை கொடுத்தாள். எல்லா நாடும் குனிந்து வணங்கி எழுந்தது. முதல் தடுப்பு. திருப்பம். ஆவி கால்களோடு சேர்ந்து திரும்பியது. நான் உட்கார்ந்த இடத்திலிருந்து லெட்சுமியின் முகம் தெரிந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். அந்த இடம் வந்துகொண்டிருந்தது. நேராகப் போனால் அந்த மனிதர் மேல் போய் விழுவார்கள். நின்றாலும் எல்லாம் போயிற்று.

யாரும் நிற்கவில்லை. யாரும் யாரையும் பார்க்கவும் இல்லை. காரைக்கால், பினாங்கு, யாழ்ப்பாணம், பாரிஸ், அத்தனை பேரும் ஒரே மூச்சை இழுத்துக்கொண்டு இடப்பக்கம் சாய்ந்தார்கள். நாணல் சாய்கிற மாதிரி. அவரைச் சுற்றி அரைவட்டமாக விலகி, அந்தப் பக்கம் சேர்ந்து, ஒரே குத்து. ஒரே சத்தம். புறாக்கள் எல்லாம் எழும்பின. அவர் சட்டை மட்டும் காற்றில் ஆடிற்று. ஒரு விரல்கூட அவர் மேல் படவில்லை.

நான் எதையும் பார்க்கவில்லை என்று யாராவது சொல்வார்கள். கண்ணில் தூசி விழுந்திருந்தது, உண்மைதான். கூரை இல்லாத இடத்தில் தூசி விழும்.

கட்டா முடிந்தது. நரசிம்மலு சார் பலகையின் மேலேயே நின்றார். பேனா மூடியைத் திறந்து மூடினார்.

"நேரா போற கட்டாதானே இது? சுத்துறீங்களே."

அட்டையைப் புரட்டினார்.

"ஒத்தர் ரெண்டு பேர் சுத்தினா தப்புன்னு எழுதிடுவேன். நாலு நாட்டு ஆளும் ஒண்ணாச் சுத்துறீங்க. இது யாரு சொல்லிக் கொடுத்தது?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அமலி தரையைப் பார்த்தாள். எழுந்து நின்றேன். முழங்கால் கொஞ்சம் சத்தம் போட்டது. மூங்கில் காடு வாயில் தயாராக இருந்தது. குருவின் தாடிகூடத் தெரிந்தது. செலஸ்தின் அவர் காலடியில் இருந்த பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க நிக்கிற இடத்துல ஒரு தூணு இருந்துச்சு சார்" என்றேன்.

அடக்கம் கருதித்தான் அப்படிச் சொன்னேன். பெரியவர்கள் தங்கள் குருவை வெளியில் சொல்ல மாட்டார்கள்.

அவர் குனிந்து காலடியைப் பார்த்தார். ஒரு காலைத் தூக்கினார், மறுகாலைத் தூக்கினார். பிறகு அந்த நேரான முதுகு ஆட ஆரம்பித்தது. சிரிக்கிறார் என்று புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"தூணைச் சுத்தியா. பாரிஸ் வரைக்கும்."

"ஆமா சார்."

அட்டையில் எழுதிவிட்டுச் சொன்னார்: "முதல் கட்டாங்கிற பேர்ல இதை எங்கயும் ஆடாதீங்க, தோத்துடுவீங்க. போட்டிக்கு நேரான கட்டாவை ஒழுங்காக் கத்துக்கணும். எல்லாரும். அதுல சலுகை கிடையாது. இது உங்க சொந்தக் கட்டா. வேற பேர் வச்சு எழுதிக் கொடுங்க, பதிவு பண்ணச் சொல்றேன்."

லெட்சுமி தன் பிள்ளைகளைப் பார்த்து, "கேட்டீங்கள்ல? ரெண்டையும் கத்துக்கணும்" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, "நான் எங்கயும் போகல மாஸ்டர்" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். எனக்குக் காது நன்றாகக் கேட்கும்.

பெயருக்கு நான் "தைரியநாதன் கட்டா" என்று ஒரு யோசனை சொன்னேன். வாக்கெடுப்பு நடந்தது. "தூண்" என்று முடிவாயிற்று. என் ஓட்டும் அதற்குத்தான் விழுந்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

மற்றபடி போட்டி. மதியம் பிரியாணி. யாழ்ப்பாணம் முதலிடம். மூக்கில் பஞ்சோடு துஷ்யந்தன் கோப்பை வாங்கினான்.

ஜனவரி 10

எல்லாரும் போய்விட்டார்கள். கிளம்பும்முன் செலஸ்தின் மட்டும் மேட் ஓட்டையில் வெட்டி எடுத்த பழைய துண்டு ஒன்றைக் கேட்டு வாங்கிப் பெட்டியில் வைத்தாள். பாரிஸ் விமானத்தில் கருவாடு பறக்கிறது.

ஜனவரி 12

நேரான கட்டாவை எல்லாரும் கற்க வேண்டும் என்றார் அல்லவா. தலைவன் முன்மாதிரியாக இருக்க வேண்டும் என்பதால் கடைசி வரிசையில் போய் நின்றேன். அமலி கட்டளை கொடுத்தாள். காலை வெயில் சுவரிலிருந்து இறங்கி மேட்டின் நடுவரை வந்திருந்தது. அந்த இடம் வந்தது. நான் சுற்றிப் போனேன்.

"மறுபடியும்" என்றாள்.

சுற்றிப் போனேன்.

வகுப்பை அனுப்பிவிட்டு அவள் மட்டும் நின்றாள். "அங்க ஒண்ணும் இல்ல மாமா. கண்ணைத் திறந்துட்டுப் போங்க."

கண்ணைத் திறந்துகொண்டுதான் போனேன்.

அவள் பக்கத்தில் வந்து என் தோளைப் பிடித்து, சின்னப் பிள்ளைகளை நடத்துவது போல, அந்தப் பலகையின் மேலேயே கூட்டிக்கொண்டு போனாள். காலுக்கடியில் இரும்பு சுட்டது. அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்து குத்தினேன். குத்து கொஞ்சம் தள்ளிப் போயிற்று, காற்றினால்.

"அவ்ளோதான்" என்றாள். "ராத்திரி வீட்டுக்கு வந்துடுங்க. ஸ்டவ்வையும் கொண்டாங்க, மாதா படத்தையும். கேட் வாசல்ல காத்துட்டு நிக்க வைக்காதீங்க என்னை."

யோசிக்கிறேன் என்றேன். ஸ்டவ்வைக் கட்டி வைத்திருக்கிறேன், துருப்பிடிக்காமல் இருப்பதற்காக.

சாயங்காலம் கூரைக்காரர் வந்து அளந்தார். இந்தக் காலத்துத் தகரத்துக்கு நடுவில் தூணே வேண்டாமாம், சுவரிலிருந்து சுவருக்கு நிற்குமாம். ஜாம்ஜாமென்று விசாலமாக இருக்கும் என்றார். கீழே கிடக்கும் பலகையைப் பெயர்த்துவிடவா என்று கேட்டார்.

உலகக் கிளைகளைக் கலந்துகொண்டுதான் சொல்ல முடியும் என்று சொல்லிவிட்டேன்.